பழுப்பு மட்டும்

பழவேற்காடு கடைவீதி ஸ்டுடியோவில், சமீனாவின் கணினித் திரையில் ஏரி விரிந்து கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீனவப் பெண் செங்கம்மாள் செல்போனில் பிடித்த படம் அது. தண்ணீரில் படர்ந்த ஆலைக்கழிவின் பழுப்பு, படத்தில் வெறும் நிழலாகத்தான் தெரிகிறது. பதினோரு மணிக்குப் பொன்னேரியில் அதிகாரிகள் முன் அந்தக் கழிவு பற்றிய விசாரணை. வாசலில் மீனவர்களோடு நிற்கும் ஷேர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. படம் திருத்தும் மென்பொருளில், பழுப்பு நிறத்தை மட்டும் பிடிக்கும் மாஸ்க்கைப் போட்டு, சமீனா ஸ்லைடரை நகர்த்துகிறாள். கழிவு துலங்குகிறது, அதே நிறமென்பதால் கரைச்சேறும் கூடவே கறுக்கிறது.

"இன்னும் கருப்பாக்கும்மா," என்கிறாள் செங்கம்மாள். "ஆபீசருங்க கண்ணுக்குத் தெரியணும்ல."

இன்னும் கொஞ்சம் இழுக்கிறாள். ஏரியில் தார் ஊற்றியதுபோல் ஆகிவிடுகிறது. சமீனா ஸ்லைடரைப் பின்னுக்குத் தள்ளுகிறாள்.

"வேணாங்க்கா. மாத்திக்கீறோம்னு தெரிஞ்சா, நிஜத்தையும் நம்ப மாட்டாங்க."

ஏரித் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக் கொப்புளித்த விரல்களால் செங்கம்மாள் முந்தானையை முறுக்குகிறாள். மறுபடி ஹாரன்.

"அப்போ எடுத்தத அப்டியே குடு," என்று எழுகிறாள். "ஒரு பாட்டிலும் குடு. ஏரித் தண்ணியவே மொண்டுக்கினு போறேன். குடிச்சிப் பாக்கட்டும்."

சமீனா தன் குடிநீர் பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே கவிழ்க்கிறாள்.