தகவல் தரவில்லை

"தார் ரோடு முடிஞ்ச இடத்துலேருந்து இருநூத்திப் பத்து கிலோமீட்டர். அவ்வளவு தூரம் உங்க வீட்டுக்காரர் ஏம்மா உள்ளே போனார்?"

இன்சூரன்ஸ் அதிகாரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை விரித்திருந்தார். எதிரே, மடித்துப் போட்டிருந்த தார்ப்பாயின் மேல் லாரிக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். லாரி போய்விட்டது, தார்ப்பாய் மட்டும் மிச்சம்.

"சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் ஏத்திட்டுப் போனார் சார். அந்த ரூட்டுன்னா மத்த டிரைவருங்க காத தூரம் ஓடுவாங்க. இவர்தான், சொந்த வண்டியை நிறுத்தி வெச்சா வருமானம் பூஜ்யம்னு ஒத்துக்கிட்டார்."

"அந்த மாதிரி வழிக்கு முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லணும். நாங்க தனியாப் பதிவு பண்ணுவோம். பதிவு இருந்தா, வண்டி குறிச்ச நேரத்துக்குப் போய்ச் சேரலேன்னதும் தேட ஆள் அனுப்புவோம். பதிவு இல்லேன்னா தேடவும் மாட்டோம், நஷ்டஈடும் கிடையாது."

"சொன்னாரே சார்! கிளம்புற அன்னைக்குக் காலையில உங்க ஆபீசுக்குப் போன் பண்ணினாரே!"

அதிகாரியின் பேனா நின்றது.

"யார் எடுத்தாங்க?"

"தெரியலையே."

"பேர் எதாவது சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. சின்னதா ஒரு ஆதாரம் இருந்தாக்கூட முக்கியம்."

கணவன் போன இந்த ஒரு மாதத்தில் இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை. லாரி ஷெட்டில் 'தலையெழுத்து' என்று கையை விரித்தார்கள். சொந்த அண்ணனே போனை எடுப்பதில்லை.

"பேரெல்லாம் சொல்லலை சார்."

"அவரோட செல்போன்?"

"வண்டிக்கடியில நசுங்கிப்போச்சு."

"அவர் பேசும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல சார். கொல்லையில துணி அலசிட்டிருந்தேன்."

எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொண்டார்.

"மணல் சரிவுல வண்டி கவிழ்ந்திருக்கு" என்றாள் அவள், கேட்காமலே. "கால்தான் சிக்கியிருந்தது. ஒன்றரை நாள் உயிரோட இருந்திருப்பார்னு டாக்டர் சொன்னார். மூணாம் நாள் அந்தப் பக்கம் போன டேங்கர்காரர் பார்க்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கா வரலை. பக்கத்துல தண்ணி கேன் கிடந்திருக்கு, கைக்கு எட்டலை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனசு கேக்கலைம்மா. கருணைத் தொகைன்னு ஒண்ணு இருக்கு. கொஞ்சம்தான் வரும். ஆனாலும் நானே மேலிடத்துல பேசி வாங்கித் தரேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

அவள் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'என் கணவர் இந்தப் பயணம் குறித்து அலுவலகத்துக்கு எந்தத் தகவலும் தரவில்லை.' கீழே அவள் பெயர், முன்பே டைப் அடித்திருந்தது.

பேனாவைத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமே தள்ளினாள்.

"நான் கொல்லையில இல்ல சார். அவர் துணிமணி எடுத்து வெச்சுக்கிட்டே ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினார், நான் பக்கத்துலதான் நின்னேன். 'இன்னைக்கு லீவு நாளு, நான் ஒருத்தன்தான் இருக்கேன், நீங்க தைரியமாக் கிளம்புங்க, நாளைக்குக் காலையில நானே பதிஞ்சுடறேன்'னு சொன்ன குரல் யாரோடதுன்னு, நீங்க வாசல்ல நின்னு கூப்பிட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்களா வாயைத் திறந்து சொல்லுவீங்களான்னுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன்."