கடைசியாக எப்போது குடித்தார்?

“கடைசியா எப்போ குடிச்சார்?”

கேள்வி மகனைப் பற்றி. பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

“நேத்து சாயந்திரம், சிஸ்டர்.”

குடிநோயாளியை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். நர்ஸ் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியே, பெஞ்சில் இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்தன.

“தம்பி, ரெண்டு கையையும் நீட்டுங்க. விரலை அகட்டி.”

மகன் நீட்டினான். விரல்கள் ஆடாமல் நின்றன.

“தினமும் குடிக்கிறவர், ராத்திரி முழுக்கத் தொடலைன்னா இந்நேரம் கை வெடவெடன்னு ஆடணுமே?” என்றார் நர்ஸ். “மறைக்காதீங்க, பெரியவரே. இதை வச்சுத்தான் மருந்தோட அளவு.”

பெரியவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் மற்றவர்களிடம் டிக்கெட் கேட்டவர், இப்போது டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பயணியைப் போல விழித்தார்.

“பையைத் திறங்க. சோதனை போடணும்.”

“அதிலே துணிமணிதாம்மா...”

நர்ஸ் தானே திறந்தார். நாலு சட்டை, சோப்பு, பல் துலக்கும் பிரஷ். சுருட்டி வைத்த துண்டைப் பிரித்தபோது உள்ளே ஒரு பிராந்தி பாட்டில். முக்கால்வாசி காலி. அதன் தலையில், இருமல் மருந்து அளக்கும் பிளாஸ்டிக் மூடி.

“யாரோடது?”

“என்னோடது” என்றார் அப்பா அவசரமாக. “நான் குடிக்கிறதுதான்.”

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“பொய், சிஸ்டர்” என்றான் மகன். “அப்பா இதைத் தொட்டதே இல்லை. எனக்குத்தான். அவரே கடையிலே நின்னு வாங்குவார். மணி பார்த்து அவரே ஊத்திக் கொடுப்பார். வரும்போது பஸ்ஸிலேகூடக் கொடுத்தார்.”

“எப்போ?”

“ஒன்பதரைக்கு.”

பெஞ்சில் கணவனோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “நல்லா இருக்கே! பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா?”

நர்ஸ் பேனாவை மேஜையில் வைத்தார்.

“பெத்த அப்பனாய்யா நீங்க? அவனவன் பிள்ளை குடியை விடணும்னு தலைகீழா நிக்கிறான். நீங்க அளந்து ஊட்டி விடுறீங்க. வெட்கமா இல்லை?”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாட்டிலோட வந்தா சேர்க்க மாட்டோம்னு வாசல்லேயே எழுதிப் போட்டிருக்கு. அடுத்த மாசம் வாங்க.”

“அம்மா, அப்படிச் சொல்லாதீங்க. ‘சரி, வர்றேன்’னு இவன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வர ஆறு மாசம் ஆச்சு. திரும்பிக் கூட்டிட்டுப் போனா மறுபடி வர மாட்டான்.”

“விதின்னா விதிதான்.”

திருப்பி அனுப்பினாலும் படிவத்தை முடித்தாக வேண்டும். நர்ஸ் வேண்டா வெறுப்பாக மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார்.

“குடும்பத்திலே வேற யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா?”

“மூத்தவனுக்கு இருந்தது.”

“விட்டுட்டாரா?”

“விட வச்சேன்.”

“எங்கே சேர்த்தீங்க?”

“எங்கேயும் சேர்க்கலை. நானே ரூமிலே போட்டுப் பூட்டினேன். கத்தினான். கதவை உதைச்சான். கடைசியிலே கெஞ்சினான். ஒரு சொட்டுக் கொடுக்கலை. தெருவே என்னை மெச்சிச்சு. ‘அப்பன்னா இப்படி இருக்கணும்’னாங்க.”

“அப்புறம்?”

“மூணாம் நாள் வலிப்பு வந்திருக்கு. நான் பூட்டைத் திறந்தப்போ உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.”

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரியிலே விவரம் சொன்னாங்க. இவ்வளவு குடிக்கிறவன் ஒரேயடியா நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாம். டாக்டர் பார்வையிலே வச்சுத்தான் நிறுத்தணுமாம். அதான், இவனை உங்க கையிலே ஒப்படைக்கிற வரைக்கும்... வெளியிலே சொல்ல வெட்கமா இருந்துதும்மா.”



நர்ஸ் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினார். ‘நேற்று மாலை’யை அடித்துவிட்டு, ‘இன்று காலை 9.30’ என்று எழுதினார். பாட்டிலை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“தம்பி, உங்களுக்குப் பதினோராம் நம்பர் படுக்கை. உள்ளே போங்க. டாக்டர் இப்பவே வந்து பார்ப்பார்.”

மகன் போனபின், நர்ஸ் பெரியவர் பக்கம் திரும்பினார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“விவரம் கேக்காம வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க, ஐயா.”

“நீங்க திட்டினதிலே தப்பே இல்லைம்மா” என்றார் பெரியவர். “மூத்தவனை உள்ளே போட்டுப் பூட்டினேனே, அந்த மூணு நாளும்தான் ஒருத்தர்கூட என்னைத் திட்டலை.”