நாலடி தள்ளி நின்ற வேன்

"அம்மா, வேன் அங்கிள் என் வெயிட் எவ்ளோன்னு பார்த்தார்."

மகளின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

"எதுக்குடி?"

"தெரியாது. மெஷின் கொண்டுவந்தார். ஏறி நின்னேன். பத்தொன்பது. நோட்டுல எழுதிக்கிட்டார்."

"உன்னை மட்டுமா?"

"எல்லாரையும்தான்."

"வீட்ல சொல்லாதேன்னாரா? சாக்லேட் ஏதாவது குடுத்தாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் தரலை" என்றாள், பெரிய குறையாக.

ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் எடை, வேன் ஓட்டுகிறவருக்கு எதற்கு?

கணவரிடம் சொன்னேன். "ஏதோ விளையாட்டுக்குப் பார்த்திருப்பார். நீ ஒண்ணை ஒன்பதாக்காதே" என்றார்.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான். பேப்பரே படிக்கிறதில்லையா நீங்க?"

வேனில் போகும் மற்றக் குழந்தைகளின் அம்மாக்கள் நாலு பேருக்குப் போன் போட்டேன். நாலு வீட்டிலும் இதே கதை.

"என் பையன் முப்பத்தி ரெண்டாம். அத்தனை பேர் முன்னாடியும் சத்தமா வாசிச்சாராம். மானமே போச்சு" என்றாள் ஒருத்தி. அவள் கவலை அவளுக்கு.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையிலேயே டிரைவரைப் போனில் பிடித்தேன்.

"வேன் நிறுத்துற ஷெட்டுக்குப் பின்னாடி கிரவுண்டுல இருக்கேன் மேடம். வேனும் இங்கதான் இருக்கு" என்றார்.

லீவு நாளில் வேனோடு கிரவுண்டில் என்ன வேலை? மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். "இன்னிக்கோட இந்த வேனுக்கு ஒரு கும்பிடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மைதானத்தில் யாரும் இல்லை. வேன் மட்டும் தூரத்திலிருந்து வேகமாக வந்து, தேய்த்துக்கொண்டு நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, முன் சக்கரத்தை ஒட்டித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். வாரம் ஒன்றுகூட ஆகாத புதுச் சக்கரங்கள், வெள்ளித் தட்டு மாதிரி மின்னின.

"என்னண்ணே பண்றீங்க?" என்றார் கணவர்.

"உள்ளே பாருங்க சார்."

எட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மணல் மூட்டை. பதினான்கு மூட்டைகள். ஒவ்வொன்றையும் சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார். மேலே கரியால் எழுத்து. 'அழுமூஞ்சி 17'. 'பல் போனது 21'. 'குண்டுராஜா 32'. ஜன்னலோர சீட்டில், 'வாயாடி 19'.

"அப்பா, அது நான்!" என்று துள்ளினாள் மகள்.

அந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஓனர் பெரிய சக்கரமா மாத்திட்டார் சார். பார்வைக்கு ஜோர்தான். ஆனா கனம். அவ்வளவு கனம் சுத்துறதை நிறுத்தணும்ல? பிரேக் அதே பழைய பிரேக். அது என்ன செய்யும் பாவம்? காலி வண்டில பார்த்தா ஒண்ணும் தெரியாது. குழந்தைங்க உட்கார்ந்த கனத்தோட பார்த்தாத்தான் தெரியும்."

தரையைக் காட்டினார். இரண்டு கோடுகள்.

"அந்தக் கோடு, விடியக்காலைல இதே மூட்டைங்களோட பழைய சக்கரத்தை மாட்டிப் பார்த்தப்ப நின்னது. இந்தக் கோடு, புதுசுல. அதே வேகம், அதே இடத்துலதான் பிரேக் அமுக்கினேன். நாலடி தள்ளி நிக்குது."

மகள் இரண்டு கோடுகளுக்கும் நடுவே போய் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் அவளுக்குச் சரியாக இருந்தது. ஓடிப்போய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். வேன் நின்றுகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் இழுத்தேன்.

"இந்த நாலடியை என் காலுக்குப் பழக்கணும் மேடம். அதான் தினமும் விடியுமுன்னே மூட்டையை ஏத்தி ஓட்டிப் பார்த்துட்டு, இறக்கி வெச்சுட்டு, வண்டியைத் துடைச்சுட்டுப் பிள்ளைங்களைக் கூப்பிட வர்றேன். நேத்துத்தான் சரியான எடை கிடைச்சுது. அதுவரைக்கும் குத்துமதிப்பாத்தான் ஓட்டினேன், மனசு கேக்கலை."

முந்நூறு கிலோ மணல். ஒரே ஆள். தினமும். அவருடைய தோளில் சாக்குக் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது. கோயிலில் நிற்பது போல நின்றேன்.

"பழைய சக்கரத்தையே போட்டுடச் சொல்லலாமே அண்ணே?" என்றார் கணவர்.

"சொல்லிப் பார்த்துட்டேன் சார். பேரன்ட்ஸே வாட்ஸ்அப் குரூப்ல கேட்டப்ப நீ என்னய்யா நடுவுலங்கறார் ஓனர். நம்ம வேன் கட்டை வண்டி மாதிரி இருக்கு, பக்கத்து ஸ்கூல் வேன் எவ்ளோ ஸ்டைலா இருக்குன்னு யாரோ ஒரு அம்மா எழுதியிருக்காங்க."

"யாரண்ணே அந்தப் புண்ணியவதி?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன். பிள்ளை மேல இருக்கிற ஆசையிலதானே கேட்டிருக்காங்க." என் பக்கம் திரும்பாமலே, மூட்டையைச் சரிசெய்ய வேனுக்குள் ஏறிவிட்டார்.

நான் போனை எடுத்துக் குரூப்பைத் திறந்தேன்.

'வேனுக்குப் பெரிய சக்கரம் கேட்ட அம்மா நான்தான். தயவுசெய்து இன்றைக்கே பழையதை மாட்டிவிடுங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.