விட்டம் நாற்பத்திரண்டு அடி

"கெணறு பொதுவுல வேணாம் சார். முழுசா எம்பேர்ல எழுதிடுங்க."

சுகன்யா மேரி சொன்னதும், வரப்பில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் செபஸ்டின் எழுந்துவிட்டான். அப்பா இறந்தபின் பாகம் பிரிக்காமல் கிடந்த நிலம் அது. சற்று முன்புதான் இருவரும் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்தப் பங்கு என்று முடிவு செய்திருந்தார்கள்.

"சீட்டுல ரோட்டோரம் உனக்கு விழுந்துருக்கு மேரி. அதைக் குடுத்துட்டு எம்பங்கு முக்கோணத்தக் கேக்குறியா?"

"ஆமாண்ணே. கெணறு அதுலதானே இருக்கு."

அரியலூரிலிருந்து வந்திருந்த சர்வேயர் கலைவாணனுக்கு இந்த ஊரும் புதிது, இவர்களும் புதிது. வரைபடத்தைப் பைக் சீட்டின்மேல் விரித்தார்.

"அவசரப்படாதீங்க டீச்சர். நெலம் சரிவகமா இருந்துச்சு, ரெண்டாப் பிரிச்சிருக்கேன். ரோட்டோரம் செவ்வகம். நூத்தம்பதுக்கு இருநூறு, முப்பதாயிரம் சதுரடி. முக்கோணத்துக்கு அடிப்பக்கம் முந்நூறு, உயரம் இருநூறு."

"பெருக்கிப் பாதி எடுத்தா அதுவும் முப்பதாயிரம்."

"ஆனா அதுல கெணறு போயிடுதே. விட்டம் நாப்பத்திரண்டு அடி."

"ஆரம் இருபத்தொண்ணு. ஆயிரத்து முந்நூத்து எண்பத்தாறு சதுரடி." மேரி கரும்பலகை முன் நிற்பவள்போலவே சொன்னாள். "கழிக்க வேணாம் சார். எம்பங்குலயே இருக்கட்டும். ஆழம் எவ்ளோன்னு அளந்தீங்களா?"

கலைவாணன் சிரித்தார். "பரப்பளவுக்கு ஆழம் எதுக்கு டீச்சர்?"

அவள் சிரிக்கவில்லை. கிணற்றுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"அம்பது அடி இருக்கும்," என்றான் செபஸ்டின். "சரி, வாரத்துல ரெண்டு நாளாவது எனக்குத் தண்ணி முறை வுடு."

"முறையெல்லாம் கெடையாதுண்ணே."

"அடேங்கப்பா! கணக்கு டீச்சர்னா சும்மாவா. ஒரு சொட்டுகூட வெளிய போவக் கூடாதாம்!" அவன் சர்வேயரைப் பார்த்துக் கண்ணடித்தான். பிறகு குரல் தணிந்தது. "அந்தக் கெணத்துப் பேச்சை நீ எடுக்கவே மாட்டேன்னு நெனச்சேன் மேரி."

அறுவடை முடிந்த மக்காச்சோளத் தட்டை காற்றில் சலசலத்தது.

"பொதுவா இருந்தா எதுக்கெடுத்தாலும் ஒன் சம்மதம் வேணும்," என்றாள் மேரி. "சுத்தி ஒரு கைப்பிடிச் சுவரு கட்டலாம்னு எத்தனை தடவ கேட்டேன்? பொதுக் கெணத்துக்கு நான் ஏன் செலவு பண்ணணும்னு சொன்ன."

"பழசை எதுக்குக் கெளறுற? இப்ப நீயே வச்சுக்க, நீயே கட்டிக்க. நான் போர் போட்டுக்கறேன்."

அவள் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல் அவன் பேனாவை எடுத்தான். செவ்வகம் அண்ணனுக்கு, முக்கோணமும் கிணறும் தங்கைக்கு என்று கலைவாணன் எழுத எழுத, பக்கத்திலேயே நின்று கையெழுத்துப் போட்டான். மேரி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டாள்.

"ரோட்டோரம் போனா போவட்டும், நல்ல கெணறு கெடைச்சிருக்கு," என்றார் கலைவாணன், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "மோட்டார் ரூமு எந்த மூலையில வைக்கப் போறீங்க டீச்சர்?"

அவள் அப்போதுதான் முதல்முறையாகக் கிணற்றின் பக்கம் திரும்பினாள்.

"மோட்டார் இல்ல சார். நாளைக்கு பொக்லைன் வருது. எவ்ளோ மண்ணு அடிக்கணும்னு பாக்கத்தான் ஆழம் கேட்டேன்."

கலைவாணனின் கை டேப்பிலேயே நின்றது.

"தூர்க்கப் போறியா?" செபஸ்டின் கத்தினான். "கோடையிலயும் வத்தாத கெணறுடி! கையில இருந்த ரோட்டோரத்தக் குடுத்துட்டு வெறும் பள்ளத்த வாங்கி மூடுறேங்கிற. நீயெல்லாம் புள்ளைங்களுக்கு என்னத்தக் கணக்குச் சொல்லிக் குடுக்குற?"

மேரி தன் பிரதியை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அன்னிக்கு நீ சுவருக்குச் சரின்னு சொல்லியிருந்தா, எம்மவன் இந்நேரம் ஏழாவதுல இந்த வட்டக் கணக்கத்தான்ணே போட்டுக்கிட்டிருப்பான்."