எம்முக்கு அடுத்த பாடம்

ஹெட்போனில் பேராசிரியையின் குரல் விட்டுவிட்டு வந்தது. எம்முக்கு இப்போது என்னென்ன தெரியும், அதைச் சொல்லுங்கள் என்றார்.

ரெஹானா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். அவளுடைய உத்தமபாளையத்திலும் சென்டர்கள் உண்டு. ஆனால் அங்கே தெரிந்தவர்கள் பின்னால் வந்து நின்று நலம் விசாரிப்பார்கள். அதற்குப் பயந்தே பஸ் ஏறி இங்கே வருவாள்.

அவள் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பாடத்திட்டமும் கற்பித்தலும் என்கிற முதுகலைப் படிப்பை இணையத்தில் படித்துவந்தாள். பல்கலைக்கழகம் கடலுக்கு அந்தப் பக்கம். பேராசிரியைக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கையில் காப்பிக் கோப்பை வைத்திருந்தார். இங்கே சாயங்கால வெயில் கீபோர்டில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. கரண்ட் போவதற்குள் முடிந்தாக வேண்டும்.

இது கடைசித் தேர்வு. கற்கச் சிரமப்படும் ஒருவருக்கென்று தனியாகப் பாடத்திட்டம் தயாரித்து, அதை ஒரு பருவம் முழுக்க நடத்திக் காட்ட வேண்டும். பெயர், வயது, ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது. அதனால் ‘எம்’ என்று ஓர் எழுத்தை மட்டும் போட்டிருந்தாள். கூடப் படித்த மற்ற ஆசிரியர்களும் இப்படித்தான் தங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் எழுத்து வைத்திருந்தார்கள்.

அவள் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள்.

எம்முக்கு எழுத்து தெரியாது. பேச்சும் இல்லை. முதலில் பொருள்களைக் கையில் கொடுத்துப் பெயர் சொல்லிப் பழக்கினேன். தம்ளர், சீப்பு, சாவி. ஒருநாள் திராட்சைக் கொத்து. அதைக் கையில் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அன்றைய பாடமாக முடிந்தது. ஒரு வாரம் ‘ப’ அட்டையைக் காட்டினால் விரல் சரியாகப் பந்தின் படத்துக்குப் போகும். அடுத்த வாரம் அது மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

கோபம் வந்தால் அட்டைகள் பறக்கும் என்றும் சொன்னாள். அப்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பாள். கற்பித்தல் முறைகளில் அதையும் ஒன்றாக எழுதியிருந்தாள்.

பேராசிரியை அதை மட்டும் குறித்துக்கொண்டார். பிறகு, வீட்டில் எம்முக்கு உதவி உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றாள் ரெஹானா.

கொஞ்சம் தயங்கி, ஒரு சொல் வந்திருக்கிறது என்றாள். போன மாதம் அட்டையை நீட்டியபோது, எம்மின் பார்வை அட்டைக்குப் போகாமல் அவள் முகத்திலேயே நின்றது. உதடுகள் கூடிக் கூடிப் பிரிந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

என்ன சொல் என்று கேட்டார் பேராசிரியை.

டீச்சர்.

பேராசிரியை கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். பேச்சே இல்லாதிருந்த எம்முக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டதே, ஓர் ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார்.

ரெஹானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டாள். பேராசிரியை சிரித்த முகத்தோடு பொறுத்திருந்தார். சந்தோஷத்தில் அழும் ஆசிரியைகளை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த பருவத்துக்கான இலக்கைக் காட்டச் சொன்னார். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஒரு வரிதான் இருந்தது. எம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பேராசிரியை நெற்றியைச் சுருக்கினார். உங்கள் ஊரில் மாணவர்கள் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று கேட்டார்.

மாட்டார்கள் என்றாள்.

அப்படியென்றால் இது உங்கள் வழக்கத்துக்குப் பொருந்தாத இலக்காயிற்றே, எடுத்துவிடுங்கள், வேறு இலக்கை நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்றார். எடுத்துவிட்டால் தேர்ச்சியை இப்போதே பதிந்துவிடுவாராம்.

காரணம் தொண்டை வரை வந்தது. சொன்னால் பருவம் முழுக்கச் செய்தது செல்லாமல் போய்விடும். யாரையெல்லாம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றும் விதிகளில் ஒரு வரி இருந்தது.

சரி என்றாள்.

மொத்த வரியையும் ஒரே தட்டலில் அழிக்க அவளுக்குத் தெரியும். ஆனால் வரியின் கடைசியில் கர்சரை வைத்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டு போனாள். பேராசிரியை வாழ்த்துச் சொன்னார். எம்முக்கும் தன் அன்பைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். படம் மறைந்தது.

சென்டர் நடத்தும் பொன்னுராஜ் அதுவரை கல்லாவில் உட்கார்ந்து இவள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் அரைகுறையாகத்தான் பிடிபட்டது. ஆனாலும் நல்ல சேதி என்று தெரிந்துகொண்டார்.

“டீச்சர்னு வாயைத் தொறந்து கூப்பிட்டுட்டான்ல, இனிமே தேறிருவான். ஒங்க கிளாசுப் பயலா?”

ரெஹானா ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரைச் சுற்றி மேஜைமேல் வைத்தாள்.

“பயல் இல்லண்ணே. எங்க வீட்டுக்காரவுக. வண்டியில விழுந்து தலையில அடிபடுற வரைக்கும் ரெஹானான்னுதான் கூப்பிட்டாக.”