பத்து மணி பத்து நிமிஷம்

அன்றைக்கும் சரியாகப் பத்து மணி பத்து நிமிஷத்துக்கு மெஷின் காலை வாரிவிட்டது.

பலகையில் பூ செதுக்கிக்கொண்டிருந்த முனை ஒரு கணம் திணறியது. பிறகு விரற்கடை தள்ளிப்போய் ஒன்றும் நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தது. பாதிப் பூ இங்கே, மீதிப் பூ அங்கே. கம்ப்யூட்டர் திரையிலோ எல்லாம் சரி என்று காட்டியது. அந்த சாஃப்ட்வேருக்கு மோட்டாரைப் 'போ' என்று ஏவத்தான் தெரியும். போனதா என்று திரும்பிப் பார்க்கத் தெரியாது.

விஞ்ஞானி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

விஞ்ஞானி என்பது மனைவி வைத்த கிண்டல் பெயர். மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை போனபிறகு, இரும்புக் கம்பிகளும் மூன்று மோட்டார்களும் ஒரு பழைய கம்ப்யூட்டருமாகப் பின்னறையில் அவரே கட்டிய மெஷின் அது. வெள்ளிக்கிழமை ஃபர்னிச்சர் கடைக்காரர் சாம்பிள் பார்க்க வருகிறார். கதவுப் பலகை நன்றாக அமைந்தால் மாதாமாதம் வேலை. சொதப்பினால் மெஷின் பழைய இரும்புக் கடைக்கு, விஞ்ஞானி மறுபடி தெருவுக்கு.

மூன்று வாரமாக அதோடுதான் மல்லுக்கட்டு. பத்து சென்டிமீட்டர் போ என்றால் பதின்மூன்று போனது. வலது என்றால் இடது போனது. ஒவ்வொரு எண்ணாக மாற்றி மாற்றி வழிக்குக் கொண்டுவந்தார். வீட்டில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. மாதம் பிறந்த அன்று, வேலைக்குக் கிளம்பிய மனைவி கேஸ் சிலிண்டருக்குச் சொல்லணும், பையனுக்கு ஷூ வாங்கணும், இந்த மாசம் நம்ம முறை, மறந்துடாதீங்க என்று அடுக்கியதற்கெல்லாம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஊம்" கொட்டினார்.

எல்லாம் சரியாகி, மிஞ்சியது இந்தப் பத்து பத்து வியாதிதான்.

அப்போதுதான் சுவருக்குப் பின்னால், கீழேயிருந்து ஓர் உறுமல் காதில் விழுந்தது. தண்ணீர் பம்ப். அது கிளம்பும்போதுதான் ட்யூப்லைட்டும் கண் சிமிட்டியிருக்கிறது. கரண்ட் ஒரு நொடி தொய்ந்தால் மோட்டார் தடுமாறாமல் என்ன செய்யும்?

செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினார். பம்ப் சுவிட்ச் பக்கத்தில் மேல்வீட்டு நர்ஸம்மா நின்றிருந்தார். எதிரே வந்தால் சிரிக்கக்கூட மாட்டார், எப்போதும் உர்ரென்று ஒரு முகம். இவரைப் பார்த்ததும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

விஞ்ஞானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கட்டடத்து செகரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தினமும் அதே நேரம் சார். வேணும்னே பண்றாங்க. என் மெஷின் சத்தம் பிடிக்கலைன்னா நேர்ல சொல்ல வேண்டியதுதானே?"

நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லட்டுமா என்று செகரட்டரி சமாதானமாகக் கேட்டார்.

"வேண்டாம் சார். அவங்க இனிமே அந்த சுவிட்ச்ல கையே வைக்கக் கூடாது. ஆறு வீட்ல வேற ஆளா இல்ல?"

எழுதிக் கொடுங்கள் என்றார் செகரட்டரி. விஞ்ஞானி ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் பத்து மணி பத்து நிமிஷம் வந்தது, போனது. மெஷின் இம்மிகூடப் பிசகவில்லை. பூவும் கொடியும் வழுவழுவென்று எழுந்து வந்தன. விஞ்ஞானிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் இப்போதே வந்தால்கூடக் காட்டலாம்.

தலையெல்லாம் மரத்தூள். முகம் கழுவலாமென்று குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. அடுத்த குழாயிலும் அதேதான்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், காலி பக்கெட்டோடு நாலு வீட்டுக்காரர்கள். முன்னால் செகரட்டரி.

"பாத்தீங்களா சார், அந்தம்மா பழிவாங்கறதை" என்றார் விஞ்ஞானி.

"இந்த மாசம் பம்ப் போடறது உங்க வீட்டு முறை சார்." செகரட்டரி முறைப் பட்டியலை நீட்டினார். "முதல் தேதியிலேர்ந்து உங்களுக்குப் பதிலா அவங்கதான் போட்டிருக்காங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து, இதுக்காகவே பத்து மணி வரைக்கும் தூங்காம இருந்திருக்காங்க. நேத்து அவங்ககிட்ட உங்க கடுதாசியைக் காட்டினப்பதான் எனக்கே தெரியும். சரி, இனிமே நீங்களே போடுவீங்கன்னு இருந்துட்டோம்."

விஞ்ஞானி பட்டியலை வாங்கிப் பார்த்தார். மரத்தூள் கண்ணில் விழுந்து உறுத்தியது.

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மான்னு கேட்டேன்" என்றார் செகரட்டரி. "பாவம், வேலை போன மனுஷன் முட்டி மோதிட்டிருக்கார், நடுவுல எழுப்பினா அவர் மெஷின் கெட்டுடுமேன்னாங்க."