தவளையும் கரண்ட் மேளமும்

ஒரு சின்னக் கோயில். கருவறை வாசலில் இருந்த தண்ணீர் அண்டாவை ஒட்டிய இடுக்குதான் ஒரு தவளைக்கு வீடு. அங்கிருந்து பார்த்தால் சாமி நேராகத் தெரியும். தீபாராதனை ஆரம்பித்ததும் அதற்கு இருப்புக் கொள்ளாது, தொண்டையை உப்பிக் கத்தித் தீர்த்துவிடும்.

சுவிட்ச் போட்டால் தானே அடிக்கும் கரண்ட் மேளம் ஒன்று புதிதாக வந்தது. வந்த அன்றே தவளையை மிரட்டியது.

"ஏய் குண்டா, உன் குரலைக் கேட்டா சாமியே எழுந்து ஓடிடும்! என் தாளத்தைப் பாரு, அச்சுப் பிசகாது. இனிமே கத்தினா, குருக்கள் உன்னை வாளியில அள்ளிக் குளத்துல கொட்டிடுவார்."

தவளைக்குப் பக்கென்றது. சாமியைப் பார்க்காமல் குளத்தில் என்ன பிழைப்பு? அன்று சாயங்காலம் தொண்டையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

குருக்கள் கற்பூரத்தட்டைத் தூக்கினார். பட்டென்று கரண்ட் போய், மேளம் பாதி அடியில் நின்றது. கற்பூர வெளிச்சத்தில் சாமி முகம் தெரிந்ததுதான் தாமதம், தவளைக்கு வாளியும் மறந்தது, குளமும் மறந்தது. ஆனந்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டது. குருக்கள் சிரித்துக்கொண்டே தவளையின் தாளத்துக்கே மணியை ஆட்டினார்.

மேளம் மெதுவாகக் கேட்டது: "ஏம்ப்பா, ஊரே இருட்டாக் கிடக்கே. உனக்கு மட்டும் எங்கேயிருந்து கரண்ட் வருது?"

தவளைக்கு அது காதிலேயே விழவில்லை. சாமியைப் பார்த்தபடி, அடுத்த பாட்டுக்குத் தொண்டையை உப்பிக்கொண்டிருந்தது.